கேக் வீட்டில, மிச்ச அரைவாசி றோட்டில

யாழ்ப்பாணத்தில் கேக் செய்கிறது என்று சொல்லுகிற ஆட்கள் குறைவு. கேக் அடிக்கிறது என்றுதான் சொல்வார்கள். "பிள்ளையள் இப்ப கேக் அடிச்சு விக்கினமாம்" என்று எங்களைப் பற்றி ஊருக்குள் கதை போனதும் அப்படித்தான். அந்தச் சொல்லைக் கேட்டால் தொழில் முழுக்க ஒரு சட்டிக்குள் முடிந்துவிடும். பட்டரும் சீனியும் முட்டையும் மாவும் அடிபட்டு, ஓவனுக்குள் போய், பொங்கி வந்தால் சரி, விற்றாயிற்று. நடுவில் இருக்கிற பெட்டியும், பெட்டி போகிற றோட்டும், அதைக் கொண்டுபோகிற ஆளும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. இந்தக் கட்டுரை அந்த மூன்றையும் பற்றியது.

நாங்கள் அக்காவும் தங்கச்சியும். வீடு வேலணையில். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து நாடே வீட்டுக்குள் இருந்தபோது இலங்கையில் எத்தனையோ குசினிகளில் நடந்ததுதான் எங்கட குசினியிலும் நடந்தது. பேக்கரிகள் பூட்டு. பிறந்தநாள்கள் மட்டும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னவனுக்கு ஆறு கப் கேக், அடுத்த வீட்டு மாமிக்கு ஒரு பட்டர் கேக் என்று வேலிக்கு மேலால் கை மாறியது. அப்போது பெட்டி தேவைப்படவில்லை. ஒரு தட்டம், அதுக்கு மேல ஒரு மூடி. தட்டம் திரும்பி வரும்போது அதற்குள் முருங்கைக்காயோ நாலு முட்டையோ இருக்கும். ஊரடங்கு எடுபட்டு ரவுணில் இருந்து முதல் ஓர்டர் வந்தபோதுதான் தொழில் என்றால் என்ன என்று விளங்கியது. பன்னிரண்டு கப் கேக், பண்ணைக் கடலைத் தாண்டி, குசினி மேசையில் இருந்த அதே வடிவில் போய்ச் சேரவேண்டும்.

முழுக் கேக்கைக் கொண்டுபோவதும் லேசில்லை. ஆனால் அது ஒரே உடம்பு. அடிப் பலகையில் கொஞ்சம் கிரீம் தடவி ஒட்டிவிட்டால் பலகையோடு சேர்ந்து ஆடும். கப் கேக் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு தனி ஆட்கள். ஒவ்வொரு ஆளுக்கும் கால் சின்னன், தலை பெரிசு. எங்கட கப் கேக்கின் அடி 5 சென்ரிமீற்றர் அகலம், மேல் விளிம்பு 7. அதற்கு மேல் கிரீம். பாரம் மேலே இருப்பதால் பிரேக் பிடித்தால் முன்னுக்குச் சாயும், வளைவில் பக்கத்துக்குச் சாயும். ஒன்று சாய்ந்தால் பக்கத்தில் நிற்பதன் கிரீமில் போய் முட்டும். அதோடு இரண்டும் போச்சு. பன்னிரண்டில் ஒன்று நசிந்திருந்தால் வாங்குகிறவர் மற்றப் பதினொன்றையும் பார்க்க மாட்டார். அவரிலும் பிழை சொல்லேலாது. மேசையில் வைத்துப் படம் எடுக்கிற சாமான் அது.

அதனால் முதல் கவலை பெட்டி. கடைகளில் சுலபமாகக் கிடைக்கிற இனிப்புப் பெட்டிகள் பலகாரத்துக்கு அளவாகச் செய்தவை, உயரம் காணாது. மூடியை மூடினால் கிரீம் மூடியில் ஒட்டிக்கொண்டு வரும். எங்களுக்கு உள்ளுயரம் 10 சென்ரிமீற்றர் வேண்டும். அதைவிட முக்கியம், உள்ளே வைக்கிற துளை போட்ட மட்டை. துளை பெரிதாக இருந்தால் கேக் உள்ளுக்குள் ஆடும். சின்னனாக இருந்தால் அடி தரையில் படாமல் மட்டையில் தொங்கும், தொங்குகிறது துள்ளும். கப்பின் அடி பெட்டியின் தரையில் நிற்கவேண்டும், அதேநேரம் இடுப்பில் மட்டை பிடிக்கவேண்டும். அடியில் 5, மேலே 7 என்றால் பாதி உயரத்தில் 6. ஆகவே 6 சென்ரிமீற்றர் துளை, பாதி உயரத்தில் மட்டை. இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஆனால் ஒரு அடிமட்டமும், வட்டம் கீற ஒரு பேணி மூடியும், இரண்டு பின்னேரமும் தேவைப்பட்டது. இப்போது துளை போட்ட மட்டையோடு பெட்டி வாங்கலாம். வாங்கினாலும் ஒவ்வொரு புதுக் கட்டிலும் ஒரு பெட்டியை எடுத்து, வெறும் கப் கேக்கை வைத்து, மூடி, வாசல் படியில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பாவிப்போம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா, "உதுக்கே இவ்வளவு சோலி?" என்று கேட்டா. அவ கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கட ஊர்ப் பலகாரங்கள் பயணத்துக்கென்றே பிறந்தவை. பயத்தம் பணியாரம், முறுக்கு, தட்டை வடை எல்லாம் காய்ந்தவை, கெட்டியானவை. பிஸ்கட் பேணிக்குள் அடைத்து யாழ்தேவியில் ஏற்றினால் கொழும்பு போகும், பொதியில் கட்டினால் கனடா போகும். பனங்கட்டியைப் பாருங்கள். பாகை ஓலைக் குட்டானுக்குள்ளேயே ஊத்துவார்கள். அது குட்டானின் வடிவத்திலேயே இறுகும். பெட்டியும் சாமானும் ஒன்றாகவே பிறக்கும். கலியாண வீட்டு ரிச் கேக்கும் அப்படித்தான். துண்டு துண்டாக வெட்டி, கடதாசி சுற்றி, சின்னப் பெட்டிக்குள் போட்டால் வாறவர்கள் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போகலாம். கப் கேக்குக்கு இந்தப் பழக்கம் ஒன்றுமில்லை. குளிர் நாட்டில் கண்ணாடி அலுமாரிக்குள் நிற்கிற சாமான் மாதிரி அதுக்கு ஒரு வடிவம். அதை வேலணை வெயிலில் வெளியில் இறக்குகிறோம்.

அம்மம்மாவின் கதையைக் கேட்டு ஒருமுறை பனையோலைப் பெட்டியிலும் செய்து பார்த்தோம். ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு, வருகிற பெண்களுக்குக் கொடுக்க ஒவ்வொரு கப் கேக் வைத்த சின்ன மூடிப்பெட்டிகள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பார்க்க நல்ல வடிவு. ஆனால் ஓலை மூச்சு விடும். காற்றுப் போகிற வழியால் எறும்பும் போகும், கேக்கும் காயும். உள்ளுக்குப் பட்டர் பேப்பர் விரித்து, கிரீமைக் குறைத்து, விழா தொடங்க இரண்டு மணித்தியாலம் இருக்கும்போது அங்கேயே போய் இருந்து அடுக்கினோம். சரிவந்தது. ஆனால் அது பக்கத்து ஊர். ரவுணுக்கு அப்படிச் செய்யேலாது.

அடுத்தது வெக்கை. பட்டர் 32 பாகை செல்சியஸ் அளவில் உருகத் தொடங்கும். அதற்கு எவ்வளவோ முதலே தளர்ந்துபோகும். யாழ்ப்பாணத்தில் சித்திரை வைகாசியில் பகல் வெக்கை அந்த 32ஐச் சாதாரணமாகத் தாண்டும். அதாவது எங்கட கேக்கின் தலையில் இருக்கிற சாமான், வெளியில் எடுத்த நிமிடத்தில் இருந்து உருகுவதற்கு அவசரப்பட்டுக்கொண்டு நிற்கிறது. சித்திரையில் இருந்து ஆவணி வரைக்கும் கிரீமுக்குப் பாதி பட்டர், பாதி மரக்கறிக் கொழுப்பு. நாக்குக்குத் தனிப் பட்டர்தான் நல்லது, ஆனால் அது மார்கழியில். வடிவத்தையும் றோட்டுத்தான் தீர்மானிக்கும். படங்களில் வருகிற கோபுரம் மாதிரி உயர்ந்த கிரீமைக் கேட்பவர்களுக்கு, நீங்களே வந்து எடுப்பதென்றால் செய்து தருகிறோம் என்று சொல்வோம். நாங்கள் கொண்டுபோவதென்றால் தட்டையான ரோசாப்பூ மட்டும். இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் உயரம் இல்லை. அதுவும் ஒரு அழகுதான்.

வெக்கைக்குப் பயந்து பிரிஜ்ஜில் வைத்தால் வேறு சோலி. குளிர்ந்த பெட்டியை எங்கட ஈரக் காற்றில் திறந்தால் கிரீமுக்கு மேல் முத்து முத்தாகத் தண்ணி பூக்கும். சிவப்பு நிறம் வெள்ளைக்குள் இறங்கும். அதனால் பிரிஜ்ஜுக்குள் வைக்கும்போதே பெட்டியை மூடி வைக்கவேண்டும், போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரம் கழியும்வரை திறக்கக்கூடாது. தண்ணி பூக்கிறதென்றால் பெட்டிக்கு வெளியில் பூக்கட்டும். மற்றப் பக்கத்தில், சூட்டோடு பெட்டிக்குள் வைத்து மூடினால் ஆவி உள்ளுக்கே நின்று கடதாசிக் கப் கேக்கில் இருந்து கழன்று விரிந்துவிடும். ஓவனில் இருந்து எடுத்து, கம்பித் தட்டில் ஒரு மணித்தியாலமாவது ஆறவேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்தில் எறும்புக்குக் காவல். மேசைக் கால் நாலுக்கும் தண்ணி ஊத்திய பேணிகள் வைத்திருக்கிறோம். மேசை சுவரில் முட்டக்கூடாது. முட்டினால் எறும்புக்கு அது பாலம்.

இனி றோட்டு. மீன் கொண்டுபோகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி தெரியும்தானே? அதில் புதிசு ஒன்று வாங்கினோம். கப் கேக் பெட்டி இரண்டு அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் அளவாக இருக்கும். பக்கவாட்டில் உறைய வைத்த தண்ணிப் போத்தல் இரண்டு, துவாய் சுற்றி. அடியில் வைக்கக்கூடாது. ஐஸ் இளகப் பெட்டி சரியும். கேக் பெட்டிக்குக் கீழே வழுக்காத றப்பர் விரிப்பு ஒரு துண்டு. இந்தப் பெட்டியோடு படலையைத் திறந்தால் "என்ன பிள்ளை, மீனோ?" என்று கேட்காத ஆள் எங்கட ஒழுங்கையில் இல்லை.

தொடக்கத்தில் கொண்டுபோனது ஒரு ஓட்டோ அண்ணா. பெட்டியை எங்கே வைக்கிறது என்று சொல்லித் தந்தவரும் அவர்தான். நாங்கள் சீற்றில் வைக்கப் போக, "சீற் பின்னுக்குச் சரிவு பிள்ளை, நிலத்தில வையுங்கோ" என்றார். உண்மைதான். ஓட்டோ, கார், வான் எதுவென்றாலும் சீற் சரிவு. தரைதான் சமம். மடியில் வைத்திருப்பது பத்திரம் என்று எல்லாரும் நினைப்பார்கள். மடி சூடு, மடி ஆடும். பள்ளம் வரும்போது ஆள் தன்னை அறியாமல் பெட்டியை இறுக்கிப் பிடிப்பார், மூடி நெளியும்.

அல்லைப்பிட்டி தாண்டி, மண்டைதீவுச் சந்தி கழிய, பண்ணை றோட்டில் இரண்டு பக்கமும் கடல். மறைப்பு ஒன்றும் இல்லை. சோளகம் தொடங்கினால் காற்று பக்கத்தால் வந்து தள்ளும். ஸ்கூட்டியில் போகும்போது அந்தத் தள்ளலை உடம்பு தாங்கும். பின்னுக்குக் கட்டிய பெட்டி தாங்காது. அதனால் பெட்டி எப்போதும் கால் வைக்கிற இடத்தில், இரண்டு காலுக்கும் நடுவில். காலை ஆறரைக்கு வெளிக்கிட்டால் வெயிலும் காற்றும் ஏற முதல் ரவுணுக்குள் போய்விடலாம். பின்னேரம் ஐந்து மணிக் கொண்டாட்டத்துக்குக் காலையிலேயே தாறீங்களோ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பின்னேரம் தருவதாக இருந்தால் உருகுகிற நேரத்தில் றோட்டில் நிற்கவேண்டும்.

இங்கே "போகும்போது" என்று சுலபமாக எழுதிவிட்டோம். நாங்கள் போவது அவ்வளவு சுலபமாகத் தொடங்கவில்லை.

எங்கட வீட்டில் ஓவன் வாங்க ஒருவரும் தடை சொல்லவில்லை. சொந்தக்காரர் எல்லாருக்கும் சந்தோஷம். "பொம்பிளைப் பிள்ளையளுக்கு நல்ல தொழில். வீட்டில இருந்தபடியே உழைக்கலாம்." இந்த வசனத்தை நாங்கள் எத்தனை வாயால் கேட்டிருப்போம் என்று கணக்கில்லை. வடக்கில் பெண்களுக்குச் சுயதொழில் என்று பேச்சு எடுத்தால் தையலும் கேக்கும்தான் முதலில் வரும். இரண்டும் வீட்டுக்குள் செய்கிற வேலை என்று ஒரு நம்பிக்கை. நாங்கள் போன பயிற்சி வகுப்பிலும் ரோசாப்பூப் பிழிய, இலை பிழிய, பெயர் எழுதச் சொல்லித் தந்தார்கள். பெட்டி எங்கே வாங்குகிறது, என்ன உயரம், ஆர் கொண்டுபோகிறது, அதற்கு எவ்வளவு எடுக்கிறது என்று ஒரு சொல்லும் இல்லை.

அப்பா சொன்னது இது: "அடிக்கிறதை அடியுங்கோ. கொண்டு திரியிற வேலை வேண்டாம். ஆற்றையும் வீட்டுப் படலையில போய் நிக்கிறதோ?" எங்களில் ஒராள் வேலைக்குப் போக ஸ்கூட்டி ஓடுவதில் அப்பாவுக்குப் பிரச்சினை இல்லை. நல்லூருக்குப் போவதிலும் இல்லை. ஸ்கூட்டியில் ஒரு பெட்டியை வைத்து, தெரியாத வீட்டு வாசலில் நின்று, காசு வாங்குவதுதான் பிரச்சினை. அதே றோட்டு, அதே ஸ்கூட்டி. ஆனால் கையில் பெட்டி இருந்தால் அது "கொண்டு திரியிறது" ஆகிவிடும். இதை அப்பாவின் தனிக் குணம் என்று நாங்கள் நினைக்கவில்லை. வீட்டுக்குள் இருந்து உழைக்கிற பெண்ணுக்கு ஊர் கொடுக்கிற மரியாதை, அவள் தன் சாமானோடு படலையைத் தாண்டும்போது கொஞ்சம் குறைகிறது. சந்தையில் மரக்கறி விற்கிற அம்மாக்களுக்கு இது காலம் காலமாகத் தெரியும். எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஏற்பாட்டை உடைத்தது 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு. கரண்ட் வருகிற நேரத்துக்கு ஓவனும் பிரிஜ்ஜும் ஓடவேண்டும். இரவு ஒரு மணிக்குக் கரண்ட் என்றால் இரவு ஒரு மணிக்குக் கேக். பட்டரைக் கடை கடையாகத் தேடவேண்டும். பெற்றோல் வரிசையில் நின்று நின்று ஓட்டோ அண்ணா ஓடுவதையே குறைத்துவிட்டார். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருளே இல்லை என்று அறிவித்தார்கள். ஜூலையில் கியூஆர் வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அந்த ஐந்து லீற்றரில் அவர் எங்கட கேக்கைக் கொண்டு ரவுணுக்கு ஓடுவாரா, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவாரா?

யாழ்ப்பாணமே சைக்கிளுக்குத் திரும்பியது. நாங்களும் திரும்பினோம். கரியரில் ஒரு பலகையைக் கட்டி, அதன் மேல் பழைய மெத்தையில் இருந்து வெட்டின பஞ்சுத் துண்டு, அதன் மேல் ரெஜிபோம் பெட்டி, ரியூப் றப்பரால் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டு. ஒராள் ஓட, மற்றவர் இன்னொரு சைக்கிளில் பின்னால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வரவேண்டும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல இடமில்லை. வீட்டில் அந்த மாதம் வந்த காசில் பாதி அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ரவுண் ஓர்டர்களைக் குறைத்து, தீவுப் பக்கத்து ஓர்டர்களைக் கூட்டினோம். எரிபொருள் திரும்பி வந்த பிறகு ஸ்கூட்டியில் பெட்டியை வைத்தபோது ஒருவரும் தடுக்கவில்லை. ஆரும் அனுமதி தந்ததாகவும் ஞாபகம் இல்லை. றோட்டுக்கு வந்தாயிற்று, அவ்வளவுதான்.

றோட்டுக்கு வந்தபிறகு தெரிகிற விஷயங்கள் வேறு. பெட்டியில் ஒட்டுகிற ஸ்ரிக்கரில் தொலைபேசி இலக்கம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஓர்டர் வராது. அந்த இலக்கத்துக்கு இரவு பதினொன்றரைக்கு "ஹாய்" என்று வரும். இப்போது தொழிலுக்கென்று தனி சிம். இரவு எட்டு மணிக்கு அது நித்திரை. பன்னிரண்டு மணிக்கு வாசலில் நின்று சர்ப்ரைஸ் கொடுக்கச் சொல்லி மாதத்தில் இரண்டு மூன்று பேராவது கேட்பார்கள். மாட்டோம். புதிய விலாசம் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். உள்ளே வந்து மேசையில் வைத்துவிட்டுப் போங்கோ என்று கேட்டால், வீட்டில் ஒரு அம்மா, அக்கா இருந்தால் பார்ப்போம். இல்லாவிட்டால் படலையடியில் கொடுப்போம். இதில் எதுவும் பைபிங் வகுப்பில் இல்லை.

எங்கட ஓர்டர்களில் நல்ல ஒரு பங்கு வெளிநாட்டில் இருந்து வருகிறது. லண்டனில் இருக்கிற மாமி காசு அனுப்புவா. கோண்டாவிலில் இருக்கிற மருமகளுக்குக் கேக் போகவேண்டும். ஓர்டர் கொடுப்பவர் கேக்கைத் தொடப்போவதில்லை, சாப்பிடப்போவதும் இல்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு வீடியோ. பெட்டி திறக்கிற அந்தப் பத்துச் செக்கனில் எல்லாம் நேராக நிற்கவேண்டும். ரொறொன்ரோவில் இருக்கிற ஒரு அண்ணா, தன்ர அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அனுப்பியபோது, "பெட்டியைத் திறக்கிறது அம்மாவா இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில நிண்டு எடுங்கோ" என்று கேட்டார். அந்த அம்மா பெட்டியைத் திறந்து, கேக்கைப் பார்க்காமல், எங்களைப் பார்த்து, "நீங்கள் ஆற்ற பிள்ளையள்? சாப்பிட்டிட்டீங்களே?" என்று கேட்டா. வீடியோவில் அது இருக்கிறது. மகனுக்கு அதுதான் பிடித்ததாம்.

நயினாதீவு ஓர்டர்தான் எங்களுக்குப் பெரிய பரீட்சை. வேலணையில் இருந்து தாம்போதியால் புங்குடுதீவு, அங்கிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை, பிறகு படகு. படகில் நாங்கள் போவதில்லை, பெட்டி மட்டும் போகும். அதுவரை எங்கட கையில் இருந்த சாமான் அதற்குப் பிறகு வேறு ஆளின் கையில். ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் திருவிழா நேரம் படகு முழுக்கச் சனம். சோளகக் கடல் தூக்கிப் போடும். அதற்கென்று கிரீமே இல்லாத கப் கேக் செய்தோம். கிரீமைப் பிழிகிற பையில் போட்டு, நுனியைக் கட்டி, ஐஸ் போத்தலோடு தனியாக அனுப்பினோம். எப்படிப் பிழிவது என்று ஒரு நிமிட வீடியோ. அந்த வீட்டுப் பிள்ளைகள் தாங்களே பிழிந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலத்தில் படம் அனுப்பினார்கள். இப்போது தூரத்து ஓர்டருக்கு அதையே ஒரு வகையாக வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு பார்சல் சேவையில் கொழும்புக்கு அனுப்பியபோது, "மேல்பக்கம்" என்று மூன்று மொழியில் எழுதி அம்புக்குறி போட்ட பெட்டி தலைகீழாகப் போய்ச் சேர்ந்தது. படகுக்கார அண்ணா ஒரு எழுத்தும் வாசிக்காமல் நிமிர்த்தி வைத்திருந்தார். "கேக் எண்டு சொன்னீங்கள்தானே" என்றார். அன்றில் இருந்து அம்புக்குறியை விட வாய்ச்சொல்லைத்தான் நம்புகிறோம். கொடுக்கிற ஆளின் முகத்தைப் பார்த்து, உள்ளுக்கு என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுப்போம்.

கடைசியாகக் காசு. ஆறு கப் கேக்குக்கு ஏறக்குறைய 100 கிராம் மாதான் போகும். அந்த மாவின் விலையை விட அதை வைக்கிற பெட்டியின் விலை பல மடங்கு. மட்டை, ஸ்ரிக்கர், ரேப், பட்டர் பேப்பர் எல்லாம் சேர்த்தால் பட்டரோடு போட்டிக்கு நிற்கும். பெட்டி மடித்து அடுக்க அரை மணித்தியாலம், போய்வர ஒன்றரை மணித்தியாலம். கேக் அடிக்கப் போகிற நேரத்தை விட அது கூட. ஆனால் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வீட்டில செய்யிறது தானே பிள்ளை, கடையை விடக் குறைவா இருக்கவேணும்?" அதற்குப் பிறகு, "கொண்டு வந்து தாறதுக்கும் காசோ?"

கொஞ்சக் காலம் எல்லாவற்றையும் கேக்கின் விலைக்குள் போட்டுத்தான் சொன்னோம். அப்படிச் சொன்னால் கேக் விலை என்று வாங்குகிறவர்கள் பேசுவார்கள், எங்கட நேரத்தை ஒருவரும் காணமாட்டார்கள். இப்போது பில்லில் மூன்று வரி. கேக், பெட்டி, கொண்டு வாறது. மூன்றாவது வரியில் பெற்றோலோடு எங்கட ஒன்றரை மணித்தியாலமும் இருக்கிறது. வந்து எடுத்தால் அந்த வரி இல்லை. பெட்டியை நசியாமல் திருப்பித் தந்தால் கொண்டு வாறதுக்கு எடுக்கிற காசில் குறைப்போம். திரும்பி வருகிற பெட்டி உணவுக்குப் பயன்படாது, ஆனால் புதுத் துளை மட்டை வெட்ட அந்த மட்டை நல்லது. இந்த மூன்று வரி வந்தபிறகு சிலர் விட்டுப் போனார்கள். ஆனால் மூன்றாவது வரியைப் பார்த்து முதன்முதலாக, "ஓ, நீங்கள் வேலணையில இருந்து வாறீங்களோ?" என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். அவ்வளவு நாளும் கேக் தானாக நடந்து வந்தது என்று நினைத்திருப்பார்கள்.

உங்களில் ஆராவது வீட்டில் கேக் தொடங்க யோசித்தால், ஓவன் வாங்க முதல் றோட்டைக் கணக்குப் பாருங்கோ. உங்கட வாடிக்கையாளர்கள் எங்கே இருப்பார்கள், எத்தனை மணிக்கு வெயில் ஏறும், ஆர் கொண்டுபோவது, அவருக்கு என்ன கொடுப்பது, இரவில் வருகிற அழைப்பை என்ன செய்வது. இதற்கெல்லாம் மறுமொழி இருந்தால் மிச்சம் அடிக்கிற வேலைதான். அது பழகினால் வரும். "வீட்டில இருந்தபடியே" என்று ஆராவது சொன்னால் சிரித்துவிட்டு, ஹெல்மெட் எங்கே என்று தேடுங்கோ.

ஓர்டர் கொடுக்கிறவர்கள் என்றால் கேட்பது மூன்று விஷயம்தான். சொன்ன நேரத்துக்குப் படலையடிக்கு வாங்கோ, வெயிலில் நிற்கிறது நாங்கள் மட்டுமில்லை. பெட்டியை உடனே திறக்காதேங்கோ, பதினைந்து நிமிடம் வீட்டுக்குள் இருக்கட்டும். மற்றது, வாங்கும்போது மேல் மூடியில் பிடித்துத் தூக்காதேங்கோ. அடியில், இரண்டு கையாலும்.